நாளைக்குச் சூரியனில் எந்த மூலை? தெரியுமா?

சூரியனைப் பார்க்கவென்றே கோடி கோடியாகக் கொட்டி விண்வெளிக்கு அனுப்பிய தொலைநோக்கி, சூரியனை முழுசாகப் பார்க்காது! தெரியுமா? நாசாவின் ஐரிஸ் தொலைநோக்கியையே எடுத்துக்கொள்ளுங்கள். 2013 ஜூன் 27 அன்று, கலிஃபோர்னியா கடலோரத்தில் பறந்துகொண்டிருந்த ஒரு விமானத்தின் வயிற்றிலிருந்து விடுவிக்கப்பட்ட பெகாசஸ் ராக்கெட் அதை மேலே கொண்டுபோனது. சூரியனில் 240 கிலோமீட்டர் அகலமுள்ள நுணுக்கங்களைக்கூடப் பிரித்துக் காட்டும் கெட்டிக்காரக் கண் அது. ஆனால் ஒரு நேரத்தில் அது பார்ப்பது சூரிய முகத்தில் சுமார் 1 சதவீதம்தான்! தேர்த் திருவிழாவைச் சாவித் துவாரம் வழியே பார்ப்பது மாதிரி.

அப்படியானால் எந்த 1 சதவீதம்? அதை யார் முடிவு செய்வது? கம்ப்யூட்டரா? இல்லவே இல்லை! சில விஞ்ஞானிகள் கூடிப் பேசி முடிவு செய்கிறார்கள். முறை போட்டு ஒருவர் அந்த வாரத்துத் திட்ட அலுவலராக உட்கார்ந்து, நாளைக்கு எந்த நிமிடம் எங்கே திரும்ப வேண்டும், எத்தனை நொடிக்கு ஒரு படம் எடுக்க வேண்டும் என்று அட்டவணை எழுதி மேலே அனுப்புகிறார். வெள்ளிக்கிழமை எழுதும் அட்டவணை திங்கள் வரை தாங்க வேண்டும். சூரியனுக்கு ஏது ஞாயிறு விடுமுறை!

இன்னொரு சங்கடம் கேளுங்கள். குறி வைத்த இடம் நின்ற இடத்தில் நிற்காது! சூரியன் தன்னைத்தானே சுற்றுவதால், நடுவில் இருக்கும் கரும்புள்ளி மணிக்கு ஏறக்குறைய 7,000 கிலோமீட்டர் வேகத்தில் நகர்கிறது. ஐரிஸின் பார்வைப் பரப்போ சுமார் 1,27,000 கிலோமீட்டர் அகலம். பத்து பூமிகளை வரிசையாக நிறுத்தினால் அந்த அகலம் வரும். பெரிதுதான். ஆனாலும் தொலைநோக்கியை அசையாமல் வைத்திருந்தால், ஒரே நாளில் கரும்புள்ளி அந்தப் பரப்பை விட்டு ஓடிப்போய்விடும்! அதனால் நாளைக்கு அது எங்கே வந்திருக்கும் என்று இன்றே கணக்குப் போட்டுத்தான் குறி வைக்கிறார்கள். அந்தக் கரும்புள்ளி கிழக்கு விளிம்பில் எட்டிப் பார்த்து, மேற்கு விளிம்பில் மறைய ஏறக்குறைய இரண்டு வாரம். புதிதாக வந்தவர்களைக் குழப்பும் விஷயம் ஒன்று உண்டு: சூரியப் படத்தில் கிழக்கு இடப்பக்கம்! நாம் பள்ளியில் படித்த வரைபடத்துக்கு நேர் எதிர்.

கரும்புள்ளிக் கூட்டங்களுக்கு வரிசை எண் உண்டு, தெரியுமா? அமெரிக்க வானிலை அமைப்பான நோவா 1972 ஜனவரியில் எண்ணத் தொடங்கியது. 2002 ஜூனில் 10,000 தாண்டியது. மேசையைச் சுற்றி உட்கார்ந்திருப்பவர்கள் பேசிக்கொள்வதைக் கேட்டால் சிரிப்பு வரும். "0930 எப்படி இருக்கிறது?" "அது அடங்கிவிட்டது." ஆஸ்பத்திரி வார்டில் படுக்கை எண் சொல்வதைப் போலத்தான் ஒலிக்கும்! முழு எண் 10930. பழகியவர்களுக்குக் கடைசி நான்கு இலக்கம் போதும்.

அந்த 10930 சாதாரண ஆள் இல்லை! ஜப்பானின் ஹினோடே தொலைநோக்கி 2006 செப்டம்பரில், ககோஷிமா அருகே உச்சினோவுராவிலிருந்து ஏவப்பட்டது. சூரியன் தூங்கி வழிந்துகொண்டிருந்த காலம் அது. பதினோரு ஆண்டுச் சுழற்சி அடிமட்டத்தை நெருங்கிக்கொண்டிருந்தது. அப்படிப்பட்ட நேரத்தில், ஏவி மூன்று மாதம்கூட ஆகாத நிலையில், டிசம்பர் 13 அன்று இந்த 10930 எக்ஸ் வகுப்பில் வெடித்தது! எக்ஸ் வகுப்புதான் சூரிய வெடிப்புகளிலேயே உச்சம். ஹினோடே அந்த நேரத்தில் சரியாக அந்த இடத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. அதிர்ஷ்டமா? அதிர்ஷ்டமும்தான். ஆனால் அந்தக் கரும்புள்ளி முறுக்கிக்கொண்டு நிற்கிறது, அதன் மேலேயே கண் இருக்கட்டும் என்று யாரோ சிலர் முன்கூட்டி முடிவு செய்திருந்தால்தானே அதிர்ஷ்டம் வந்து கதவைத் தட்ட முடியும்?

ஹினோடேயில் இன்னொரு சிக்கல். விண்கலம் ஒன்று, தொலைநோக்கிகள் மூன்று! 50 சென்டிமீட்டர் கண்ணாடி கொண்ட ஒளித் தொலைநோக்கி, எக்ஸ்ரே தொலைநோக்கி, புற ஊதா நிறமாலைமானி. மூன்றும் ஒரே உடம்பில் பொருத்தப்பட்டிருப்பதால் மூன்றும் ஏறக்குறைய ஒரே திசையைத்தான் பார்த்தாக வேண்டும். ஒருவருக்குக் கரும்புள்ளி வேண்டும். இன்னொருவருக்கு வட துருவம் வேண்டும். மூன்றாமவருக்கு விளிம்பில் தொங்கும் பிழம்பு வேண்டும். யாருக்காவது விட்டுக்கொடுத்தாக வேண்டும்! அதனால்தான் உலகில் யார் வேண்டுமானாலும் கோரிக்கை எழுதி அனுப்பலாம் என்று வைத்திருக்கிறார்கள். ஏற்கப்பட்ட ஒவ்வொரு கோரிக்கைக்கும் ஒரு திட்ட எண். ஒருங்கிணைப்பாளர்கள் மாதந்தோறும் கூடி எந்தத் திட்டம் எந்த வாரம் என்று பிரித்துக்கொடுக்கிறார்கள். அன்றாடச் சில்லறைச் சண்டையைத் தலைமை நோக்கர் தீர்த்துவைக்கிறார்.

அதற்கு மேல் 2007 இறுதியில் வந்தது பேரிடி! தரவுகளை வேகமாக அனுப்பும் வானொலிக் கருவி மக்கர் செய்தது. மெதுவான இன்னொரு கருவியை நம்பியே காலம் தள்ள வேண்டிய கட்டாயம். அன்றிலிருந்து கூட்டங்களில் பேச்சே மாறிப்போனது. எங்கே பார்ப்பது என்பதோடு, பார்த்ததில் எவ்வளவைக் கீழே அனுப்ப முடியும், அதில் உன் பங்கு எவ்வளவு, என் பங்கு எவ்வளவு என்ற பாகப்பிரிவினையும் சேர்ந்துகொண்டது!

கூட்டத்துக்கு நேரம் குறிப்பதே ஒரு பெரிய கலை, தெரியுமா? ஜப்பானின் சகாமிஹாராவில் குளிர்கால காலை 10 மணி என்று வைத்துக்கொள்ளுங்கள். லண்டனில் நள்ளிரவு 1 மணி! நார்வேயில் 2 மணி! வாஷிங்டனில் முந்தைய நாள் இரவு 8 மணி! கலிஃபோர்னியாவில் முந்தைய நாள் மாலை 5! பெங்களூரில் காலை ஆறரை. யாரோ ஒருவர் தூக்கத்தைத் தியாகம் செய்யாமல் கூட்டமே நடக்காது. தேதியே மாறுவதால் "நாளைக்கு" என்று வாய்தவறிச் சொன்னால் எந்த நாளைக்கு என்று கேட்பார்கள். ஆகவே அட்டவணை முழுவதும் உலகப் பொது நேரத்தில் எழுதப்படுகிறது.

தேதி குறிக்கும்போது கிரகணத்தையும் பார்க்க வேண்டும்! நம் வீட்டுப் பெரியவர்கள் பஞ்சாங்கம் பார்ப்பதைக் கிண்டல் செய்பவர்கள் இதைக் கேட்கட்டும். ஹினோடேவுக்கு முன்னோடி யோகோ. 1991 ஆகஸ்ட் 30 அன்று ஏவப்பட்டு, பத்து ஆண்டுகள் எக்ஸ்ரேயில் சூரியனைப் படம் பிடித்த கலம். 2001 டிசம்பர் 14 அன்று ஒரு கங்கண கிரகணத்தின்போது சந்திரனின் நிழலுக்குள் நுழைந்தது. சூரியனைக் காணாமல் தடுமாறித் திசை தவறியது. சூரியத் தகடுகளில் வெயில் படவில்லை. மின்கலம் வற்றியது. அவ்வளவுதான், கதை முடிந்தது! சூரியனை ஆராய்ந்த கலத்தைச் சூரிய கிரகணமே சாய்த்துவிட்டது.

ஆனால் இதே மாதிரிக் குறுக்கீட்டை விஞ்ஞானிகள் வரம் வாங்குவதுபோல் காத்திருந்து பயன்படுத்தவும் செய்வார்கள். 2012 ஜூன் 5, 6 தேதிகளில் வெள்ளி கிரகம் சூரியனின் குறுக்கே கறுப்புப் பொட்டாகக் கடந்தது. அந்தப் பொட்டுக்குள் வெளிச்சம் இருக்கவே கூடாது அல்லவா? படத்தில் அங்கே கொஞ்சம் வெளிச்சம் தெரிந்தால், அது தொலைநோக்கிக்குள்ளேயே சிதறிய ஒளி! தொலைநோக்கியின் கண்ணில் எவ்வளவு மசமசப்பு என்பதை வெள்ளி கிரகத்தை வைத்தே அளந்துவிட்டார்கள். அடுத்த வாய்ப்பு 2117 டிசம்பரில். இதைத் திட்டமிட்ட யாரும் அந்தக் கூட்டத்தில் இருக்கப்போவதில்லை!

திட்டமே தேவைப்படாத தொலைநோக்கியும் உண்டு. 2010 பிப்ரவரி 11 அன்று ஏவப்பட்ட எஸ்.டி.ஓ. முழுச் சூரியனையும் 4096க்கு 4096 புள்ளிகளில், 12 நொடிக்கு ஒரு முறை, பல அலைநீளங்களில் எடுத்துத் தள்ளிக்கொண்டே இருக்கிறது. நாளொன்றுக்கு சுமார் 1.5 டெராபைட்! அதற்கென்றே நியூ மெக்சிகோ பாலைவனத்தில் தனி ஆன்டெனாக்கள். எங்கே பார்ப்பது என்ற சண்டையே இல்லை. பிறகு எதற்கு மற்றவை? எஸ்.டி.ஓ. பரந்து பார்க்கும், நுணுகிப் பார்க்காது. ஐரிஸ் காட்டும் நுணுக்கம் அதற்கு எட்டாது. மேலும் அழகான படம் கிடைப்பது ஒன்று, அந்தப் பொருள் எவ்வளவு வேகத்தில் மேலே வருகிறது, எவ்வளவு சூடு என்று நிறமாலையில் படிப்பது வேறொன்று.

எல்லாக் கண்களும் ஒரே புள்ளியில் குவிந்தால்? 2014 மார்ச் 29 அன்று அது நடந்தது! ஐரிஸ், ஹினோடே, எஸ்.டி.ஓ., ரெஸ்ஸி ஆகிய விண்கலங்களோடு, நியூ மெக்சிகோ மலையுச்சியில் இருந்த டன் தொலைநோக்கியும் சேர்ந்து ஒரே எக்ஸ் வகுப்பு வெடிப்பைப் படம்பிடித்தன. அதுவரை இவ்வளவு கண்கள் சேர்ந்து பார்த்த வெடிப்பு வேறில்லை என்று நாசாவே பெருமைப்பட்டுக்கொண்டது. வெடிக்கப்போகும் கரும்புள்ளியை மோப்பம் பிடித்து, "இன்று எல்லோரும் இதைப் பாருங்கள்" என்று உலகெங்கும் தினசரிச் செய்தி அனுப்புவதற்கென்றே 'மேக்ஸ் மில்லேனியம்' என்றொரு ஏற்பாடு இருக்கிறது, தெரியுமா? அங்கும் முறை போட்டுத் தலைமை நோக்கர்கள்தான்.

இப்போது சோஹோ. எனக்கு இந்தக் கதைகளிலேயே மிகவும் பிடித்தது இதுதான், கொஞ்சம் நின்று சொல்கிறேன். ஐரோப்பாவும் அமெரிக்காவும் சேர்ந்து 1995 டிசம்பர் 2 அன்று ஏவிய கலம். பூமியிலிருந்து 15 லட்சம் கிலோமீட்டர் தூரத்தில், லக்ராஞ்சி முதல் புள்ளி (எல்-1) என்ற இடத்தைச் சுற்றிக்கொண்டு, 12 கருவிகளோடு, இரண்டே ஆண்டு ஆயுளுக்காகக் கட்டப்பட்டது. 12 கருவிகளுக்கும் 12 குழு! சமாளிக்க அமெரிக்காவின் மேரிலாந்தில் உள்ள கோடார்ட் மையத்தில் ஒரு முறை வகுத்தார்கள். மூன்று மாதத்துக்கு ஒரு முறை பெரிய கூட்டம், மாதம் ஒரு கூட்டம், வாரம் ஒரு கூட்டம், தினமும் ஒரு சின்னக் கூட்டம்! பெரிய கூட்டத்தில் பொது நோக்கம், மாதக் கூட்டத்தில் கூட்டுத் திட்டங்கள், வாரக் கூட்டத்தில் மணிக்கணக்கு. தினசரிக் கூட்டத்தில், நேற்று இரவு சூரியன் என்ன விளையாட்டுக் காட்டினான் என்று பார்த்து, எல்லாவற்றையும் மாற்றுவது!

1998 ஜூன் 25. சோஹோ காணாமல் போனது! ஆணைத் தொடரில் இரண்டு பிழைகள். அதன் மேல், நன்றாக ஓடிக்கொண்டிருந்த, திசை உணரும் ஒரு கைரோவைப் பழுதென்று நினைத்து நிறுத்திய அவசரம். கலம் சுழன்று, தகடுகள் வெயிலை இழந்து, பேச்சு மூச்சில்லாமல் போயிற்று. விசாரணைக் குழு சொன்ன காரணங்களில் ஒன்று, மூச்சுவிட நேரமில்லாமல் திட்டமிடப்பட்ட வேலை அட்டவணை! கூட்டத்தில் காகிதத்தில் நெருக்கி எழுதிய மணிகள், 15 லட்சம் கிலோமீட்டர் தூரத்தில் பழிவாங்கின.

பிறகு நடந்ததுதான் அதிசயம். ஜூலை 23 அன்று, போர்ட்டோ ரிகோவின் 305 மீட்டர் அரெசிபோ தட்டிலிருந்து ராடார் அலையை எய்தார்கள். கலிஃபோர்னியாவின் 70 மீட்டர் கோல்ட்ஸ்டோன் ஆன்டெனாவில் அதன் எதிரொலியைப் பிடித்தார்கள். சோஹோ அங்கேதான் இருந்தது! மெல்லச் சுழன்றுகொண்டு, பிணம் போல. ஆகஸ்ட் 3 அன்று ஒரு முனகல் சமிக்ஞை. உள்ளே எரிபொருள் ஹைட்ரசீன் உறைந்து கட்டியாகிக் கிடந்தது. கிடைத்த சொற்ப மின்சாரத்தில் வாரக்கணக்காக அதை உருக்கினார்கள். செப்டம்பர் 16 அன்று சோஹோ மறுபடி சூரியனைப் பார்த்து நிமிர்ந்தது. சில கருவிகள் 100 டிகிரி வெப்பம் வரை வெந்திருந்தன, சில மைனஸ் 120 வரை உறைந்திருந்தன. 12 கருவிகளும் பிழைத்தன!

அந்த ஆண்டு முடிவதற்குள் மிச்சமிருந்த கைரோக்களும் ஒவ்வொன்றாகச் செத்தன. அதனால் என்ன? கைரோ இல்லாமலே நிற்கக் கற்றுக்கொடுக்கும் மென்பொருளை எழுதி மேலே அனுப்பினார்கள். 2003இல் முக்கிய ஆன்டெனா திரும்ப மறுத்தது. அதற்கும் வழி கண்டார்கள்: மூன்று மாதத்துக்கு ஒரு முறை கலத்தையே தலைகீழாகப் புரட்டுவது! அதனால் சில மாதப் படங்கள் தலைகீழாக வரும், கணினியில் நிமிர்த்திக்கொள்கிறார்கள். இரண்டு ஆண்டுக்குக் கட்டிய கலம் கால் நூற்றாண்டையும் தாண்டி உழைத்தது. 2024 மார்ச்சில் தன் 5,000ஆவது வால் நட்சத்திரத்தைக் காட்டியது. சூரியனை ஆராய அனுப்பிய கலம் வால் நட்சத்திரம் கண்டுபிடிப்பதில் உலக சாதனை! அவற்றில் பெரும்பாலானவற்றைக் கண்டவர்கள், இணையத்தில் வரும் படங்களை வீட்டிலிருந்தே துருவும் தன்னார்வலர்கள். எந்தக் கூட்டத்திலும் யாரும் திட்டமிடாத சாதனை என்பதுதான் இதில் வேடிக்கை!

சூரியனைப் பார்க்கும் கேமரா உள்ளே எப்படி இருக்கும், தகதகவென்று கொதிக்குமா? இல்லை! உறைநிலைக்கும் வெகு கீழே குளிர்ந்து கிடக்கும். அந்தக் குளிரில் கலத்தின் உள்ளே மிதக்கும் ஆவியெல்லாம் வந்து படிந்து பார்வை மங்கும். அதனால் அவ்வப்போது கேமராவைச் சூடேற்றி அழுக்கை விரட்டுகிறார்கள். அந்த நாட்களில் பார்வை கிடையாது. அதற்கும் கூட்டத்தில் தேதி ஒதுக்க வேண்டும். அந்தத் தேதியில்தான் சூரியன் வெடிக்கும், வேறென்ன!

அட்டவணையைத் தந்தி நாடாவில் அனுப்பிய காலமும் இருந்தது, தெரியுமா? 1973இல் ஏவப்பட்ட ஸ்கைலேப் விண்வெளி நிலையத்தில் சூரியத் தொலைநோக்கிகளை இயக்கியவர்கள் மனிதர்கள். ஹூஸ்டனில் விஞ்ஞானிகள் கூடி மறுநாள் வேலையை முடிவு செய்ய, மேலே ஒரு டெலிபிரிண்டர் மீட்டர் மீட்டராகக் காகிதம் கக்கும். படமெல்லாம் ஃபிலிமில்தான். ஃபிலிம் சுருளை மாற்ற வெளியே அந்தரத்தில் இறங்க வேண்டும்! கடைசிக் குழுவில் இருந்த எட் கிப்சன் சூரிய இயற்பியலில் புத்தகமே எழுதியவர். வெடிப்பு தொடங்கிய பிறகு ஓடினால் பயனில்லை, பிறக்கும் கணத்தையே பிடிக்க வேண்டும் என்று கண்காணிப்புத் திரையை விட்டு அகலாமல் உட்கார்ந்திருந்தார். 1974 ஜனவரி 21 அன்று பிடித்தேவிட்டார்!

தரவு வந்து சேர்ந்த பிறகும் கூட்டம் ஓயாது! எவ்வளவு சின்னதாக இருந்தால் கூட்டம் நல்ல கூட்டம்? ஐந்நூறு பேர் மாநாட்டில் ஆளுக்குப் பத்துப் பன்னிரண்டு நிமிடம் பேசிவிட்டுக் காபி குடிக்கப் போவார்கள். ஆய்வுச் சண்டை தீர அது போதாது. சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரத்தில், 1995இல் தொடங்கிய பன்னாட்டு விண்வெளி அறிவியல் நிறுவனம் வேறு வழி வைத்திருக்கிறது. பல நாடுகளிலிருந்து ஒரு டஜன் பேர் அளவில் ஒரு குழு. ஒரு வாரம் ஒரே அறையில். சில மாதம் கழித்து மறுபடி ஒரு வாரம். தங்கும் இடமும் சாப்பாட்டுச் செலவும் நிறுவனத்துடையது, ஆராய்ச்சிப் பணம் கிடையாது. கலம் அனுப்பிய தரவை முன்னால் வைத்துக்கொண்டு வாதாடித் தீர்த்துவிட்டு எழுந்தால் போதும்!

அந்த நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் முதன்மையானவர் யோஹானஸ் கைஸ். யார் தெரியுமா? அப்போலோ 11இல் சந்திரனுக்குப் போன சூரியக் காற்றுப் பொறியின் சூத்திரதாரி! பெர்னில் செய்த ஒரு அலுமினியத் தகடு. சந்திரனில் ஆல்ட்ரின் அதை நட்டு 77 நிமிடம் சூரியனுக்குக் காட்டி, சுருட்டிக் கொண்டுவந்தார். அமெரிக்கக் கொடி ஏறுவதற்கு முன்பே அங்கே விரிந்தது அந்தத் தகடுதான்!

நம் பக்கம் வருவோமா? 2023 செப்டம்பர் 2 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பி, 2024 ஜனவரி 6 அன்று சோஹோ இருக்கும் அதே வட்டாரத்துக்குப் போய்ச் சேர்ந்தது ஆதித்யா எல்-1. திட்ட இயக்குநர் நிகர் ஷாஜி செங்கோட்டைக்காரர்! ஏழு கருவிகள். அவற்றில் பெரியது சூரியனின் வெளி வளிமண்டலமான கரோனாவைப் பார்க்கும் வெல்க். நாளுக்கு 1,440 படங்கள் எடுப்பதற்கென்று வடிவமைக்கப்பட்டது, அதாவது நிமிடத்துக்கு ஒன்று. அதைக் கட்டிய இந்திய வானியற்பியல் நிறுவனத்தின் கையில்தான் கொடைக்கானல் சூரிய ஆய்வுக்கூடமும் இருக்கிறது. அங்கே 1904 முதல், மேகம் விட்ட நாளெல்லாம் சூரியனைப் படம் எடுத்திருக்கிறார்கள்!

ஐரோப்பாவின் சோலார் ஆர்பிட்டர் குழுவைப் பார்த்தால் பாவமாக இருக்கிறது. சூரியனுக்கு 4.2 கோடி கிலோமீட்டர் வரை நெருங்கும் கலம். தொலைவு மாறிக்கொண்டே இருப்பதால் தரவு சொட்டுச் சொட்டாகத்தான் வரும். ஆகவே எந்தப் பத்து நாட்கள் கண் திறப்பது, எதற்காகத் திறப்பது என்பதை மாதக்கணக்கில் முன்பே கூட்டம் போட்டு முடிவு செய்துவிட வேண்டும். அந்த நாளில் சூரியனில் கரும்புள்ளி இருக்குமா, இருக்காதா? யாருக்குத் தெரியும்! எங்கே குறி வைப்பது என்பதை மட்டும் கடைசிச் சில நாட்களில் திருத்திக்கொள்ளலாம். இந்தப் பொறுமைக்கு 2025இல் கூலி கிடைத்தது. சூரியனின் தென் துருவத்தைச் சாய்ந்து எட்டிப் பார்த்து எடுத்த முதல் படங்கள்!

இதற்கு நேர் எதிர்க்கோடியில் அலாஸ்காவின் போக்கர் ஃப்ளாட் ஏவுதளம். 2024 ஏப்ரல். ஹை-சி, ஃபாக்ஸி என்று இரண்டு தொலைநோக்கிகள், இரண்டு சின்ன ராக்கெட்டுகளின் முனையில். வானில் கிடைப்பது சில நிமிடப் பார்வைதான். சூரியன் வெடிக்காத நேரத்தில் ஏவினால் அவ்வளவு உழைப்பும் பாழ்! எனவே தினமும் தலைகீழ் எண்ணிக்கையைக் கடைசி நிமிடங்கள் வரை இறக்கி, அங்கேயே நிறுத்தி, எக்ஸ்ரே வரைகோடு எப்போது எகிறும் என்று திரையை முறைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். சின்னதாக எகிறும் எல்லாவற்றுக்கும் ஏவிவிட முடியாது. பெரியதற்குக் காத்தே கிடந்தால் அனுமதித்த நாட்கள் முடிந்துவிடும். ஏப்ரல் 17 அன்று கோடு எழுந்தது. இதுதானா, இன்னும் பொறுக்கவா? முடிவெடுக்கக் கிடைத்த நேரம் நிமிடக் கணக்கு! ஒன்றன் பின் ஒன்றாக இரண்டு ராக்கெட்டுகளும் கிளம்பின. எம் 1.6 அளவு வெடிப்பு. எக்ஸ் வகுப்புக்கு அடுத்த படி. இரண்டும் அதைப் பார்த்துவிட்டன!